கூட்ஸ் வண்டி ஏறப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, இங்கன வா. அந்தப் போனக் கீழ வச்சிட்டு இப்படித் திண்ணையில உக்காரு.

ஒங்கம்மை காலையில வந்து கண்ணக் கசக்கிக்கிட்டு நின்னா. "மாமா, ஒங்க பேரன் லீவுக்கு ஏதோ பாலைவனத்துக்குப் போறானாம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க"ன்னா. நான் என்னத்தச் சொல்ல? போன்னுதான் சொல்லுவேன். 18,000 ரூவாய்க்குச் செருப்பு வாங்கி வச்சிருக்கவனப் போவாதன்னு தடுத்தா, அந்தச் செருப்போட பாவம் என்னையில்லா வந்து சேரும்?

நேத்து முத்தத்துல பாத்தேன்லே அத. ரெண்டு கன்னுக்குட்டி படுத்தாப்ல கெடந்துச்சு. மண்ணு ஒரு பொட்டு உள்ள போவாதாம்லா. நல்லது. போன மாசி மாசம் சாமி கும்பிடத் தேரிக்குள்ள கூட்டிட்டுப் போனேன். கார் நின்ன எடத்துல இருந்து கோயிலுக்கு அர பர்லாங்கு இருக்குமா? அதுக்குள்ள மூணு தடவ "இன்னும் எவ்வளவு தூரம் தாத்தா"ன்னு கேட்ட மகராசன் நீ. செம்மணல் கால வாங்குது, மண்டை காயுதுன்னு பாதியில திரும்பி, காருக்குள்ள ஏசியப் போட்டுக்கிட்டு உக்காந்துக்கிட்ட. பொங்கச்சோறு ஒன்னத் தேடி காருக்கு வந்துச்சு. அப்பேர்ப்பட்ட வீரன் சகாராவுக்குப் பொறப்பட்டா ஊரு மெச்சத்தான செய்யும்.

எந்த ஊரு சொன்ன? மூரித்தானியா. ஒந் தங்கச்சியோட மேப்புப் புஸ்தகத்துல தேடிப் பாத்தேன். ஆப்பிரிக்காவுக்கு மேக்கு ஓரம், அட்லாண்டிக் கடல ஒட்டிக் கெடக்கு. 10 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர். நம்ம தமிழ்நாட்ட எட்டுத் தடவ விரிக்கலாம். சனம் ஒரு 50 லட்சம். 2011 கணக்கெடுப்புல மெட்ராஸ் டவுனுக்குள்ள மட்டும் 46 லட்சம் பேரு. மெட்ராஸத் தூக்கி எட்டுத் தமிழ்நாட்டுல வெதச்சாப்லன்னு வச்சுக்க. பெங்களூரு சிக்னல்ல ஒரு மணி நேரம் நிக்கவனுக்கு, ஆளில்லாத எடத்தப் பாக்கணும்னு ஆச வாரது நாயந்தான். நான் குத்தம் சொல்லல.

ஆனா அது ஆளில்லாத எடம்னு ஒனக்கு யாருலே சொன்னா?

சரி, அத பொறவு பேசுவோம். மொதல்ல அந்த ரயில எடு.

போன்ல காட்டுனியே, ரெண்டு வெள்ளக்காரப் பயலுவ. மூஞ்சி பூரா கறுப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, வாய்க்குத் துணி. கூட்ஸ் வண்டி மேல நின்னு, என்னமோ உலகத்தப் புடிச்சிட்டாப்ல கைய விரிக்கான். அந்த வண்டியப் பத்தி நீ பொறக்கதுக்கு முன்னயே கேட்டவன் நான். சவுதியில தண்ணி லாரி ஓட்டுனேம்லா, அப்பம் எங்க கேம்ப்புக்குப் பக்கத்துல ஒட்டகம் மேய்க்க ஒரு மூரித்தானியாக்காரன் இருந்தான். வெள்ளிக்கிழமையானா நம்ம ரூமுக்கு வருவான். அவனுக்கும் எனக்கும் அரபி அர குறை. அவனோட அரபி வேற தினுசு, என்னோட அரபி லாரி அரபி. அதுலயே ரெண்டு பேரும் ஊர்க் கதை பேசுவோம்.

சுவேராட்டுன்னு ஒரு ஊரு. அங்க மலையே இரும்பு. அத வெட்டி நுவாதிபு துறைமுகத்துக்குக் கொண்டாறதுக்கு 1963ல ஓட ஆரம்பிச்ச வண்டி அது. 704 கிலோமீட்டர். கன்னியாகுமரியில ஏறுனா மெட்ராஸுல எறங்குற தூரம். வண்டி நீளம் ரெண்டரை கிலோமீட்டர் வரைக்கும் போவும், 200 பெட்டிக்கு மேல. பெட்டிக்கு 84 டன் தாது. இஞ்சின் அந்தால இழுக்கும்போது ஒவ்வொரு கொக்கியா இழுபட்டு, முன்னால இருந்து கடைசி வரைக்கும் இடி உருண்டு வாராப்ல சத்தம் வருமாம். அது நம்ம பெட்டிக்கு வாரதுக்குள்ள எதையாவது கெட்டியாப் புடிச்சுக்கிடணும். இல்லன்னா ஆளு குப்புறத்தான். தாது குமிஞ்சில்லா கெடக்கும், மேல ஏறுறவன் அதக் கையால பறிச்சுப் பள்ளம் பண்ணி, சாக்க விரிச்சு, கொண்டு போற ஆட்ட அணைச்சுக்கிட்டுப் படுத்துருவானாம். டிக்கெட் கெடையாது. பகல்ல வெயிலு தோல உரிக்கும், ராத்திரி குளிரு எலும்பக் கடிக்கும். அப்பம் ஆடுதான் கம்பளி. முக்கா நாளைக்கும் மேல இப்படியே போவணும்.

"ஏம்ப்பா, பயமா இல்லையா? எதுக்கு அதுல ஏறிப் போறிய?"ன்னு கேட்டேன். அவன் என்ன ஒரு மாதிரியாப் பாத்தான். "பஸ்ஸு இல்ல"ன்னான்.

அம்புட்டுதாம்லே பேராண்டி. ஒனக்குச் சாகசம், அவனுக்கு டவுன் பஸ்.

இதுக்கு எதுக்கு இம்புட்டுக் காசு? குவாரியில இருந்து ஜல்லி லாரி தெனம் ராத்திரி தூத்துக்குடிக்குப் போவுதுல்லா. ஜல்லி மேல துண்ட விரிச்சுப் படுத்து ஒரு தடவ போயிட்டு வா. வாய்க்குத் துணி கெட்டிக்க. வேணும்னா நம்ம கெடா ஒண்ணையும் ஏத்தி விடுதேன், குளிருக்கு. என்ன முழிக்க? இங்க செஞ்சா கிறுக்குப் பயன்னு சொல்லுவாக, அங்க செஞ்சா வீரன்னு சொல்லுவாகன்னு பாக்கியா? அங்கயும் கிறுக்குப் பயன்னுதாம்லே சொல்லுவாக. அவுக பாஷ ஒனக்குத் தெரியாது, அதனால மனசு நோவாது.

ஏறுறதுக்கு முன்ன, வெளிநாட்டுக்காரன இப்பம் ஏற விடுதாகளான்னு அந்த ஊரு ஆள்ட்ட கேட்டுக்க. வேண்டாம்னு சொன்னா எறங்கிரு. கடைசியில ஆளு உக்காருற பெட்டி ஒண்ணு சேத்திருந்தா கவுரவம் பாக்காம அதுல ஏறு. போட்டோவுக்கு வேணும்னா மூஞ்சியில கரியப் பூசிக்க. எவனுக்குத் தெரியப் போவுது?

அந்தத் தண்டவாளத்துல சூமுன்னு ஒரு ஊரு வரும். அங்க கட்டாயம் எறங்கிப் பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, ஒன் வீடியோவுல எவனும் காட்டல. 1900ல பிரான்சுக்காரனும் ஸ்பெயின்காரனும் பாரிசுல கூடி, பாலைவனத்துல பாவம் பாக்காம கோடு கிழிச்சானுவ. இது ஒனக்கு, இது எனக்குன்னு. அறுவது வருசங் கழிச்சு பிரான்சுக்காரன் தண்டவாளம் போட்டுக்கிட்டு வாரான், நேரே போனா ஸ்பெயின்காரன் மூலை குறுக்க நிக்கி. சும்மா அஞ்சாறு கிலோமீட்டர் மண்ணு. ரெண்டு பேருக்கும் பேச்சு படியல. நம்மூருல வரப்புத் தகராறுல வாய்க்காலத் திருப்பி வெட்டுவாம்லா, அது கணக்கா, கருங்கல் மலையில கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டருக்குச் சுரங்கம் கொடஞ்சு சுத்திக்கிட்டுப் போனான். 1976ல ஸ்பெயின்காரன் மூட்டையக் கெட்டிக்கிட்டுப் போயிட்டான். இப்பம் வண்டி அந்த மூலையில நேராத்தான் போவுது, சுரங்கம் சும்மா வாயத் தொறந்துக்கிட்டுக் கெடக்கு. நம்ம பங்காளிக்கெல்லாம் அத ஒரு தடவ காட்டணும்லே. அந்த மண்ணுல பரம்பரையா ஒட்டகம் மேச்சவன ஒரு பயலும் ஒரு வார்த்த கேக்கல. வெறும் மணல்தான, யாரு இருக்கப் போறான்னு நெனப்பு.

இந்த நெனப்பு எனக்கும் இருந்துச்சு. ஒனக்கு இருக்கதக் குத்தம் சொல்லி என்ன செய்ய?

1987ன்னு நெனைக்கேன். மெயின் ரோட்ட விட்டு எறங்கி ஒரு குறுக்கு வழியாப் போனா ரெண்டு மணி நேரம் மிச்சம்னு எவனோ சொன்னான்னு, லாரியக் கொண்டு மணல்ல விட்டேன். தேரிக்காட்டுல பொறந்தவனுக்கு மணலு ஒரு விஷயமான்னு திமிரு. அர மைலு போவல, பின் டயரு புதைஞ்சு போச்சு. ஆக்சிலேட்டர மிதிக்கேன், சக்கரம் சுத்தச் சுத்த உள்ள எறங்குது. மம்பட்டி இல்ல, பலகை இல்ல. டேங்கு நெறையத் தண்ணி இருக்கு, அதனால சாவ மாட்டேன், ஆனா அந்தத் தண்ணி எடதான் என்ன அமுக்குது. சுத்திப் பாக்கேன். கண்ணுக்கு எட்டுன மட்டும் ஒரு ஈ காக்கா இல்ல. சரி, இதாம்லே பாலைவனம், இனி சாமிதான்னு லாரிக்கு அடியில நெழல்ல படுத்துட்டேன்.

ஒரு மணி நேரம் இருக்கும். பழைய பிக்கப் வண்டி ஒண்ணு வந்து நிக்கி. அதுல இருந்து எறங்குனது ஒரு பதூ அரபிப் பய, மீசை கூட மொளைக்கல. பன்னெண்டு வயசு இருக்கும். பின்னால நாலு ஆடு. என்னப் பாத்தான், டயரப் பாத்தான், வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். பொறவு கீழ கெடந்த ஒரு குச்சியப் பொறுக்கி, டயரு வால்வு மூடியக் கழத்தி, நடுவுல இருக்க ஊசிய அமுக்குனான். புஸ்ஸுன்னு காத்து எறங்குது. எனக்குப் பதறுது. அவன் டயர ஒரு காலால மிதிச்சு மிதிச்சுப் பாக்கான், அது பிதுங்கி ஒட்டகத்துப் பாதம் மாதிரி அகலமா விரியுது. ஒண்ணொண்ணா எல்லா டயரையும் பாதிக்கு மேல எறக்கிட்டான். முன்னால கொஞ்சம் மண்ணப் பறிச்சான். "மெதுவா, மெதுவா"ன்னு கையக் காட்டுனான். லாரி பூனை மாதிரி ஏறி வந்துருச்சு. 

ஈ காக்கா இல்லன்னு நான் பாத்த அதே மேட்டுக்குப் பின்னாலதான் அவன் கூடாரம் இருந்துச்சு. என் லாரி எறங்குனதுல இருந்தே அவன் ஆத்தாக்காரி பாத்துக்கிட்டுதான் இருந்திருக்கா. இந்தக் கிறுக்கன் எங்க போறான்னு.

நீ ஜீப்பு எடுத்தா, டிரைவரு காத்த எறக்குறானான்னு பாரு. எறக்குனா அவன நம்பு. தார் ரோட்டுல வந்ததும் மறுபடி அடைக்கானான்னும் பாரு. அடைக்காம ஓட்டுனா டயரு சூடேறி வெடிச்சிரும்.

ஒன் மாதிரி ஓடுறதுலயும் குதிக்கிறதுலயும் ஆச உள்ள இத்தாலிக்காரன் ஒருத்தன், மவுரோ ப்ரோஸ்பெரின்னு பேரு. 1994ல மொராக்கோ பாலைவனத்துல நடக்க ஓட்டப் பந்தயத்துக்குப் போனான். நடுவுல மணல் காத்து அடிச்சு வழி தவறிப்போச்சு. தவறுனா இருந்த எடத்துலயே இருங்கன்னு சொல்லித்தான் அனுப்பிருக்காக. ஓடுற காலு நிக்குமா? ஒம்பது நாளு அலைஞ்சான். மூத்தரத்தக் குடிச்சு, பாழடைஞ்ச தர்காவுல வவ்வாலப் புடிச்சு அதோட ரத்தத்தக் குடிச்சு, கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் தள்ளி அல்ஜீரியாவுக்குள்ளயே போயிட்டான். கடைசியில அவன யாரு கண்டதுங்க? ராணுவமா? ஹெலிகாப்டரா? ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த சின்னப் பொட்டப்புள்ள. அது இவன் கோலத்தப் பாத்து வீல்னு கத்திக்கிட்டுக் கூடாரத்துக்கு ஓடிருக்கு. அங்க இருந்த பொம்பளைக ஆட்டுப்பால் குடுத்துக் காப்பாத்திருக்காக. அவன் சாவோட சண்ட போட்டுக்கிட்டிருந்த எடம், அந்தப் புள்ளைக்கு மேய்ச்ச காடு. பயலுக்குப் புத்தி வந்துச்சான்னு கேக்கியா? நாலஞ்சு வருசத்துல மறுபடி அதே பந்தயத்துக்குப் போயிட்டான்.

நைஜர் நாட்டுல, டெனெரேங்குற பாலைவனத்துல ஒரு மரம் நின்னுச்சாம். சுத்துவட்டாரத்துல நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு அது ஒண்ணுதான் மரம். கருவேல சாதி. பக்கத்துல கெணறு தோண்டுனப்பம், 30 மீட்டருக்கும் கீழ தண்ணி வரைக்கும் அதோட வேரு போயிருந்துச்சாம். உப்பு ஏத்திப் போற ஒட்டகக்காரன் ஒருத்தனும் வெறகுக்குன்னு ஒரு கொப்ப ஒடிச்சதில்ல. 1973ல ஒரு லாரிக்காரன் வந்து அது மேல ஏத்திட்டான். குடிச்சிருந்தான்னு பேச்சு. எம்புட்டு எடம் கெடக்கு பாரு, ஒரே ஒரு மரம், அது மேலயே கொண்டு விட்டுருக்கான். நானும் லாரிக்காரன்தான், வெக்கமா இருக்கு. செத்த மரத்தத் தூக்கி நியாமே மியூசியத்துல வச்சிருக்காக. மரம் நின்ன எடத்துல இப்பம் இரும்புல ஒரு கம்பு நிக்கி. நீ ஜீப்புல போவும்போது இத டிரைவர்ட்ட சொல்லு.

இன்னொரு இரும்புக் கதை. சிங்கெட்டின்னு ஒரு பழைய ஊரு, நீ போற லிஸ்டுல இருக்கு, பாத்தேன். 1916ல ரிப்பேர்ங்குற பிரான்சு அதிகாரி ஒருத்தன், அங்க மணலுக்குள்ள 100 மீட்டர் நீளத்துக்கு, 40 மீட்டர் ஒசரத்துக்கு வானத்துல இருந்து வுழுந்த இரும்பு மலை கெடக்குன்னு சொன்னான். அந்த ஊருத் தலைவன் ஒருத்தன் ரகசியமா ஒட்டகத்துல கூட்டிட்டுப் போயி காட்டுனானாம். சாச்சிக்கு நாலரைக் கிலோ இரும்புக் கட்டி ஒண்ணு கொண்டாந்தான். அது நெசமாவே வானத்துக் கல்லுதான். தியோடர் மோனோன்னு ஒரு படிச்ச மனுசன், 1934ல தேட ஆரம்பிச்சு, தாடி நரைச்சுக் கூனு வுழுந்த பொறவும் தேடுனாரு. 2000ல 98 வயசுல செத்தாரு. ரிப்பேர் பாத்தது சாதாரண மணல்கல்லுக் குன்னுன்னுதான் அவரு கடைசியில முடிவு பண்ணுனது. அந்தக் கட்டிய 2001ல சோதிச்சுப் பாத்தவுக, இது வந்த தாய்க்கல்லு 1.6 மீட்டருக்கு மேல இருக்க வழியில்லன்னுட்டாக. எனக்கென்னமோ அந்தத் தலைவன் மேலதான் சந்தேகம். வெள்ளக்காரன ராத்திரியோட ராத்திரியா ஒட்டகத்துல ஏத்தி, சுத்திச் சுத்திக் கொண்டாந்து வீட்டுக்குப் பின்னால இருக்க குன்னக் காட்டிருப்பான். நானா இருந்தா அப்படித்தான் செஞ்சிருப்பேன்.

சிங்கெட்டியில நீ இரும்பத் தேடாத. அங்க வீட்டுக்கு வீடு பழைய ஏட்டுப் புஸ்தகம் வச்சிருக்காக, கையெழுத்துப் பிரதி. குரானு, நச்சத்திர சாஸ்திரம், கணக்கு எல்லாம். நூத்தாண்டுக் கணக்காப் பாட்டன் பேரனுக்குக் குடுத்து வச்சது. தெருவுக்குள்ள மணலு ஏறிக்கிட்டே வருது, அவுக புஸ்தகத்தத் தூசி தட்டிக்கிட்டே இருக்காக. அத ஒரு நாளு உக்காந்து பாரு. நம்ம வீட்டுப் பரண்ல ஓலைச்சுவடி இருந்துச்சுன்னு ஒங்கப்பன் பெருமை பேசுவாம்லா, அது என்னாச்சுன்னு அவன்ட்டயே கேளு. போகி அன்னைக்கு வெந்நிக்கு வச்சான்.

இப்பம் சோலிக்கு வருவோம். குறிச்சுக்க.

பாஸ்போர்ட்ட ஜெராக்ஸ் எடு. ஒண்ணு ரெண்டு இல்ல, முப்பது. வழி நெடுக போலீஸ் நிப்பாட்டுவான், ஒவ்வொருத்தன்ட்டயும் பேரு, ஊரு, பாஸ்போர்ட் நம்பர் எழுதுன சீட்டு ஒண்ணு குடுக்கணும். ஃபீஷ்ஷுன்னு கேப்பான். அது லஞ்சம் இல்ல, மீனும் இல்ல, பயந்துராத. நாளைக்கு நீ மணல்ல காணாமப் போனா, எந்த எடம் வரைக்கும் உசுரோட இருந்தன்னு பாக்கதுக்கு அது ஒண்ணுதான் கணக்கு.

கார்த்திகை, மார்கழி, தைக்குள்ள போயிட்டு வந்துரு. சித்திரையில போனா வடகம் மாதிரிதான் திரும்புவ. அர டவுசரும் கையில்லாச் சட்டையும் இங்கயே இருக்கட்டும். அங்க ஆம்பளைக பாரு, உச்சியில இருந்து பாதம் வரைக்கும் தொளதொளன்னு துணி, தலையில நீளமா ஒரு முண்டாசு, அதுலயே மூஞ்சிய மூடிக்கிடுவாக. வெயிலுக்கு ஒடம்பத் தொறந்து காட்டுறது கடக்கரைக்கு வார வெள்ளக்காரன் புத்தி. ஒரு நாளைக்கு அஞ்சாறு லிட்டர் தண்ணி, தாகம் வரும் முன்னயே குடி. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டு நம்ம ஆஸ்பத்திரியில சும்மா தாராக, பத்து வாங்கி வையி. பீரு கீருன்னு தேடாத, கெடையாது, தேடுனா போலீஸு வேற மாதிரி தேடுவான்.

மாலி எல்லைப் பக்கம் மட்டும் போயிராத. வெளையாட்டுக்குச் சொல்லல. 2007 டிசம்பர்ல மூரித்தானியா ரோட்டோரமா வண்டிய நிப்பாட்டிச் சாப்பிட்டுக்கிட்டிருந்த பிரான்சுக்காரங்க நாலு பேரச் சுட்டுக் கொன்னுட்டாக. அதுல பயந்துதான் 2008ல டக்கார் பந்தயத்தையே நிப்பாட்டுனது. நூத்துக்கணக்குல கார் பைக்கு ஓட்டுற வீரனுக அத்தன பேரும் வீட்டுக்குத் திரும்புனான். பொறவு அந்தப் பந்தயம் ஆப்பிரிக்காவுக்கே வரல. இப்பம் சவுதியில நடக்குதாம், நான் லாரி புதைச்ச மண்ணுல. அதனால உள்ளூர்க்காரன் அந்தப் பக்கம் வேண்டாம்னு சொன்னா, ஏன் எதுக்குன்னு கேக்காம வண்டியத் திருப்பு.

கடைசியா டீ. இதுதான் முக்கியம், மத்ததெல்லாம் மறந்தாலும் இத மறந்துராத.

எங்க மூரித்தானியாக்காரன் டீ போட உக்காந்தான்னா அன்னைக்கு வேற சோலி கெடையாது. கரி அடுப்பு, குட்டிக் கெட்டில், பச்சத் தேயில, புதினா, கை நெறைய சீனி. கண்ணாடி கிளாஸு நம்ம கட்ட வெரல் ஒசரம். கொதிச்சத ஒரு கிளாஸுல ஊத்துவான், அத ஒசரத் தூக்கி அடுத்ததுல ஆத்துவான், திரும்ப இதுல. நம்ம டீக்கடை மாஸ்டர் அவன்ட்ட பிச்ச வாங்கணும். பாதி கிளாஸுக்கு நுரை நிக்கணும், நுரை இல்லன்னா அவன் அத டீன்னே சொல்ல மாட்டான். மொத கிளாஸு கசக்கும். அதே தேயிலையில சீனியும் தண்ணியும் சேத்து ரெண்டாவது. பொறவு மூணாவது. மூணுக்கும் சேத்து ஒரு மணி நேரம் தாண்டிரும். ஒரு வெள்ளிக்கிழம நான் ரெண்டாவது கிளாஸோட எந்திரிச்சேன், லாரிக்கு ஆயில் மாத்தணும்னு. அவன் ஒண்ணும் சொல்லல. அடுத்த வெள்ளிக்கிழம வரல. அதுக்கடுத்த வெள்ளிக்கிழமயும் வரல. பொறவு நானே அவன் ஒட்டகப் பட்டிக்குப் போயி உக்காந்து, மூணையும் குடிச்சிட்டு வந்தேன்.

அதனால எவன் கூடாரத்துல உக்காந்தாலும் மூணாவது கிளாஸு வாரதுக்குள்ள மணியப் பாக்காத. டவர் இருக்கான்னு போனத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடாத. 

இந்தா, இந்தப் பொட்டலத்தப் பையில வையி. உடங்குடிக் கருப்பட்டி, ரெண்டு வட்டு. ஒனக்கில்ல. அங்க மொத டீ எவன் ஊத்திக் குடுக்கானோ அவன் வீட்டுல குடு. சீனிக்குப் பதிலா ஒரு துண்டு போட்டுப் பாக்கச் சொல்லு. நுரை நிக்கிதா இல்லையான்னு எனக்குப் போன்ல சொல்லு.

ஆச்சி அடுக்களையில இருக்கா. அவகிட்ட போயி, ரயில்ல போறேன்னு மட்டும் சொல்லிக் கால்ல வுழுந்து திந்நீறு பூசிக்க. எந்த ரயிலுன்னு சொல்லித் தொலைச்சிராத.